கென்யா: அரையிறுதி வரை வந்த அணி

டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாடுகளில் கிரிக்கெட் உலகக் கோப்பையின் அரையிறுதி வரை வந்தது ஒன்றே ஒன்றுதான். அது கென்யா. 2003-ல் தென் ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், இங்கிலாந்து, பாகிஸ்தான் ஆகிய அணிகளெல்லாம் வீடு திரும்பிய பிறகும் கென்யா களத்தில் நின்றது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2014-ல், சர்வதேச ஒருநாள் போட்டிகளில் ஆடும் தகுதியே அதன் கையை விட்டுப் போனது. இவ்வளவு உயரம் ஏறி இவ்வளவு வேகமாகச் சரிந்த அணி கிரிக்கெட்டில் வேறில்லை. அதன் காரணங்களைத் தேட அணியின் வேர் வரை போக வேண்டும்.

கென்யக் கிரிக்கெட் தன் தொடக்கத்தை 1896-லிருந்து கணக்கிடுகிறது. மொம்பாசா துறைமுகத்தில் இறங்கிய ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டில்தான் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை போகும் உகாண்டா ரயில் பாதையின் வேலையும் தொடங்கியது. அதற்காக இந்தியாவிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். வேலை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். சில ஆயிரம் பேர் தங்கிவிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வணிகர்களும் கைவினைஞர்களும் குடும்பங்களோடு வந்து சேர்ந்தார்கள். கென்யாவில் கிரிக்கெட்டை நூறாண்டு காலம் தாங்கிப் பிடித்தது இந்தச் சமூகம்தான்.

காலனி ஆட்சியில் ஆட்டமும் நிறம் பார்த்துப் பிரிந்திருந்தது. வெள்ளையர்களுக்குள் அரசு அதிகாரிகள் ஓர் அணி, குடியேறிய பண்ணையார்கள் இன்னோர் அணி. 1910 முதல் இவ்விரு அணிகளும் ஆடிய ஆட்டமே அன்றைய பெரிய நிகழ்ச்சி. ஐரோப்பியர்களும் ஆசியர்களும் எதிரெதிரே ஆட 1930-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசியர்களின் சங்கங்களும் ஒன்றாக இல்லை. குஜராத்தி இந்துக்களுக்கு ஒன்று, இஸ்மாயிலிகளுக்கு ஒன்று, சீக்கியர்களுக்கு ஒன்று, கோவாக்காரர்களுக்கு ஒன்று எனச் சமூகவாரியாக மைதானங்கள் எழுந்தன. நைரோபி ஜிம்கானா, ஆகா கான், சுவாமிபாபா, சர் அலி முஸ்லிம் கிளப், சிக் யூனியன் போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. மண்ணின் மைந்தர்களான ஆப்பிரிக்கர்களுக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. மைதானத்தைப் பராமரிக்கும் வேலையாட்களாகவும் வலையில் பந்து எடுத்துப் போடும் சிறுவர்களாகவும்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

1950-களின் தொடக்கத்தில் கென்ய அணி தங்கானிக்காவோடும் உகாண்டாவோடும் ஆடத் தொடங்கியது. 1953-ல் கென்யா கிரிக்கெட் சங்கம் பிறந்தது. 1963 டிசம்பரில் நாடு விடுதலை பெற்றதும் ஆங்கிலேயர்கள் படிப்படியாக வெளியேறினார்கள். அறுபதுகளின் இறுதியில் ஆசியர்களிலும் ஒரு பெரும் பகுதியினர் பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களை வைத்துத் தனி நாடாக நிற்க வலுவில்லை. கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா ஆகிய நாடுகளின் ஆட்டக்காரர்கள் ‘கிழக்கு ஆப்பிரிக்கா’ என்ற பொதுப் பெயரில் ஆடினார்கள்.

1975-ல் இங்கிலாந்தில் நடந்த முதல் உலகக் கோப்பையில் அந்த அணி இடம்பெற்றது. ஹரிலால் ஷா தலைவர். நியூசிலாந்துக்கு எதிராக கிளென் டர்னர் ஆட்டமிழக்காமல் 171 ரன் குவித்தார். லீட்ஸில் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றி அதுதான். இங்கிலாந்திடமும் தோற்று, மூன்றுக்கு மூன்று தோல்வியோடு அணி திரும்பியது. அதில் ஆடிய டான் பிரிங்கில் அதே ஆண்டில் நைரோபியில் ஒரு கார் விபத்தில் இறந்தார். நைரோபியில் பிறந்த அவருடைய மகன் டெரெக் பிரிங்கில் பின்னாளில் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார்.

கூட்டு அணியால் தனக்கு முன்னேற்றமில்லை என்று முடிவு செய்த கென்யா, 1981-ல் பிரிந்து சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலில் தனி இணை உறுப்பினரானது. அந்தப் பத்தாண்டில் அணியின் முகமே மாறியது. நைரோபியின் ஆசியக் கிளப்புகளைச் சுற்றிய குடியிருப்புகளில் வளர்ந்த ஆப்பிரிக்கச் சிறுவர்கள், வேலியோரம் நின்று பார்த்துப் பழகி, வலைப்பயிற்சியில் பந்து வீசி, மெல்ல அணிக்குள்ளும் வந்துவிட்டார்கள். பெரும்பாலோர் லுவோ இனத்தவர். ஒரு வீட்டில் ஒருவர் நுழைந்தால் தம்பிகளும் பின்னால் வந்தார்கள். டாம், டேவிட், ஸ்டீவ் என டிக்கோலோ சகோதரர்கள் மூவர். எட்வர்டும் மாரிஸுமாக ஒடும்பே சகோதரர்கள். மார்ட்டின், டோனி எனச் சுஜி சகோதரர்கள். கென்னடி ஒட்டியெனோ, டேவிட், காலின்ஸ் என ஒபூயா வீட்டிலிருந்து மூவர். டாம் டிக்கோலோ எண்பதுகளிலேயே நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கினார். கிளப் நிர்வாகம் ஆசியர்களிடமும், ஆட்டத் திறமை பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களிடமும் இருந்த இந்தக் கலவைதான் கென்யாவின் பலம்.

அதன் பலவீனமும் இதற்குள்ளேயே இருந்தது. நாடு முழுவதும் தேடிப் பொறுக்கிய அணி அல்ல இது. நைரோபியின் சில மைதானங்களும் சில குடும்பங்களும் சேர்ந்து தந்த அணி. மொம்பாசாவில் ஓரளவு ஆட்டம் இருந்தது. மற்றபடி கென்யா கால்பந்தும் ஓட்டப்பந்தயமும் கோலோச்சும் நாடு. அந்த வட்டம் எவ்வளவு சிறியது என்பதற்கு ஓர் உதாரணம்: 2006-ல் வங்கதேசத்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் கென்ய மட்டையாளர் ஹிதேஷ் மோதிக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்து வெளியே அனுப்பிய நடுவர் சுபாஷ் மோதி, அவருடைய சொந்தத் தந்தை.

1994-ல் இணை உறுப்பு நாடுகளுக்கான ஐ.சி.சி. கோப்பை நைரோபியில் நடந்தது. இறுதியாட்டத்தில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் கென்யா தோற்றாலும், 1996 உலகக் கோப்பைக்கு இடம் உறுதியானது. இந்தியாவின் முன்னாள் டெஸ்ட் வீரர் ஹனுமந்த் சிங் பயிற்சியாளராக வந்தார். 1996 பிப்ரவரி 18 அன்று கட்டாக்கில் இந்தியாவுக்கு எதிராக ஆடியதே கென்யாவின் முதல் சர்வதேச ஒருநாள் போட்டி. டெண்டுல்கர் சதமடித்தார், இந்தியா எளிதாக வென்றது. ஆனாலும் ஸ்டீவ் டிக்கோலோ எடுத்த 65 ரன்னைப் பார்த்தவர்கள் அவரை மறக்கவில்லை.

பதினொரு நாள் கழித்து, பிப்ரவரி 29 அன்று, புனேயில் நடந்ததைக் கிரிக்கெட் உலகம் நம்பவே சிரமப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகள் பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தது. கென்யா 166 ரன்னுக்குச் சுருண்டது. அதில் 37 ரன் உதிரிகள்; கென்ய மட்டையாளர்கள் ஒருவர்கூட அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ரிச்சர்ட்சன், லாரா, சந்தர்பால் என வரிசை கட்டி நின்ற அணிக்கு 167 ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. ஆனால் ரஜப் அலி ரிச்சர்ட்சனைச் சாய்த்தார். பிறகு பிரையன் லாராவின் மட்டையில் உரசிய பந்து விக்கெட் கீப்பர் தாரிக் இக்பாலின் கையில் போய் விழுந்தது. லாரா எடுத்தது 8. அணித்தலைவர் மாரிஸ் ஒடும்பே தன் சுழற்பந்து வீச்சால் 15 ரன் மட்டுமே கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். மேற்கிந்தியர்களில் ஒருவரும் இருபதைத் தொடவில்லை. 93 ரன்னில் எல்லாரும் வெளியே. 73 ரன் வித்தியாசத்தில் கென்யா வென்றது. பகுதி நேரமாக ஆடும், வேறு வேலை பார்த்துப் பிழைக்கும் மனிதர்களின் வெற்றி இது. அந்த உலகக் கோப்பையோடு ரிச்சர்ட்சன் ஓய்வு பெற்றார்.

அதே தொடரில் கண்டியில் இலங்கை கென்யாவுக்கு எதிராக 5 விக்கெட்டுக்கு 398 ரன் குவித்து அன்றைய உலக சாதனையை எழுதியது. அரவிந்த டி சில்வா 145. வழக்கமாக இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிலுக்கு ஆடிய கென்யா ஆட்டமிழந்து ஓடிவிடவில்லை. 50 ஓவரும் நின்று 254 ரன் எடுத்தது. டிக்கோலோ 96 எடுத்தார். அந்த அணியின் தரத்தை அளக்க வேண்டுமென்றால் புனே வெற்றியைவிட இந்தத் தோல்வியே சரியான சான்று.

அடுத்த சில ஆண்டுகள் கென்யாவின் பொற்காலம். 1996 அக்டோபரில் நைரோபியில் நடந்த நான்கு நாட்டுத் தொடரில்தான் ஷாஹித் அப்ரிடி இலங்கைக்கு எதிராக 37 பந்தில் சதமடித்தார். 1997-ல் கோலாலம்பூரில் நடந்த ஐ.சி.சி. கோப்பை இறுதியாட்டத்தில் டிக்கோலோ 147 ரன் விளாசினார். மழையால் இரண்டு நாள் நீண்ட அந்த ஆட்டத்தில், குறைக்கப்பட்ட இலக்கை வங்கதேசம் கடைசிப் பந்தில் எட்டியது. இரு நாடுகளுக்கும் ஒருநாள் போட்டி அந்தஸ்து கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதே வங்கதேசத்துக்கு எதிராக, பல் மருத்துவரான தீபக் சூடாசமாவும் கென்னடி ஒட்டியெனோவும் முதல் விக்கெட்டுக்கு 225 ரன் சேர்த்தார்கள், இருவரும் சதமடித்தார்கள். 1998 மே மாதம் குவாலியரில் இந்தியாவை 69 ரன் வித்தியாசத்தில் கென்யா வீழ்த்தியது. ஒடும்பே 83 ரன் எடுத்ததோடு 3 விக்கெட்டும் வீழ்த்தினார். 2001 அக்டோபரில் போர்ட் எலிசபெத்தில் மறுபடியும் இந்தியா 70 ரன் வித்தியாசத்தில் கென்யாவிடம் தோற்றது. இடையில் 1999 உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டங்களிலும் கென்யாவுக்குத் தோல்வி.

டெஸ்ட் அந்தஸ்தும் கென்யாவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் 2000-ல் அது வங்கதேசத்துக்குத்தான் கிடைத்தது. களத்தில் அன்று இரண்டில் வலுவான அணி கென்யாதான் என்று சொல்ல ஆட்ட முடிவுகளே போதும். என்றாலும் வங்கதேசத்துக்குப் பின்னால் கோடிக்கணக்கான ரசிகர்களும், தொலைக்காட்சிச் சந்தையும், நாடு முழுக்கப் பரவிய ஆட்டமும் இருந்தன. நான்கு நாள் ஆட்டங்கள் கொண்ட ஒழுங்கான உள்நாட்டுத் தொடர் கென்யாவில் இல்லவே இல்லை. கதவு மூடப்பட்டதைக் குறை சொல்வது எளிது. உள்ளே போக வேண்டிய ஆயத்தம் கென்யாவிடம் இல்லை என்பதும் உண்மை.

2003 உலகக் கோப்பையைத் தென் ஆப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும் கென்யாவும் சேர்ந்து நடத்தின. சந்தீப் பாட்டீல் பயிற்சியாளர், ஸ்டீவ் டிக்கோலோ தலைவர். தென் ஆப்பிரிக்காவிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் படுதோல்வியோடு பயணம் தொடங்கியது. பிறகு கனடாவை வென்றது. முந்தைய நவம்பரில் மொம்பாசாவில் நடந்த குண்டுவெடிப்பைக் காரணம் காட்டி நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததால், அந்த ஆட்டத்தின் புள்ளிகள் கென்யாவுக்கு வந்தன. இதை வைத்தே அந்த அரையிறுதியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதற்கு மூன்று நாள் கழித்து நடந்ததை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிப்ரவரி 24, நைரோபி ஜிம்கானா மைதானம். எதிரே இலங்கை. முத்தையா முரளிதரன் நான்கு விக்கெட் எடுக்க, கென்யா 9 விக்கெட்டுக்கு 210 ரன்னோடு நின்றது. அதன் பிறகு பந்து 21 வயது காலின்ஸ் ஒபூயாவின் கைக்கு வந்தது. பாகிஸ்தானின் முஷ்டாக் அகமதைப் பார்த்து லெக் ஸ்பின் கற்றவர் அவர். பத்து ஓவர்களையும் ஒரே மூச்சில் வீசி, 24 ரன் கொடுத்து, அரவிந்த டி சில்வா, ஜெயவர்தன, சங்கக்கார உட்பட ஐவரை வெளியேற்றினார். சுழலை ஆடுவதில் உலகிலேயே தேர்ந்த மட்டையாளர்கள் அவர்கள். இலங்கை 157 ரன்னில் முடிந்தது. கென்ய ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவர, மொத்த நைரோபியும் கூட ஓடியது போலிருந்தது.

ஜோகன்னஸ்பர்க்கில் வங்கதேசத்தையும் வென்று, கென்யா சூப்பர் சிக்ஸ் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே ஜிம்பாப்வேயை 7 விக்கெட்டில் தோற்கடித்ததும் அரையிறுதி உறுதியானது. டர்பனில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தின் முடிவு தோல்விதான். என்றாலும் அது இந்த அணியின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1999-க்குப் பிறகு ஓய்வு பெற்றிருந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆசிப் கரீமை 39 வயதில் திரும்ப அழைத்திருந்தார்கள். காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் கென்யாவுக்காக ஆடியவர். உலகின் தலைசிறந்த மட்டையாளர்களுக்கு எதிராக அவர் வீசியது 8.2 ஓவர். அதில் 6 மெய்டன், கொடுத்தது 7 ரன், எடுத்தது 3 விக்கெட். பாண்டிங்கும் லேமனும் அதில் அடக்கம். பிரெட் லீ ஹாட்ரிக் எடுத்த அந்த ஆட்டத்தில் ஆட்டநாயகன் விருது கரீமுக்குத்தான் போனது.

மார்ச் 20 அன்று அதே டர்பனில் அரையிறுதி. கங்குலி ஆட்டமிழக்காமல் 111, டெண்டுல்கர் 83. இந்தியா 4 விக்கெட்டுக்கு 270. கென்யா 179 ரன்னில் ஆட்டமிழந்தது. அரை சதம் அடித்தவர் டிக்கோலோ ஒருவர்தான்.

இங்கிருந்துதான் கென்யா எழுந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஊதியத்துக்காக ஆட்டக்காரர்களும் சங்கமும் மோதிக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் வரை போனது. சங்க நிர்வாகத்தின் மீது பண முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன, விளம்பரதாரர்கள் விலகினார்கள். 2004 ஆகஸ்டில், சூதாட்டத் தரகர்களோடு தொடர்பு வைத்திருந்ததற்காக மாரிஸ் ஒடும்பேக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. புனே வெற்றியின் நாயகனே இப்படி வெளியேறியது அணியின் மனத்தை முறித்தது. வார்விக்ஷயர் கவுண்டியில் ஒப்பந்தம் பெற்ற காலின்ஸ் ஒபூயாவுக்கு முழங்கால் காயம். அவருடைய லெக் ஸ்பின் பழைய கூர்மைக்குத் திரும்பவேயில்லை. பின்னாளில் அவர் மட்டையாளராகத்தான் அணியில் நீடித்தார்.

இதில் உலகக் கிரிக்கெட்டின் பங்கையும் மறைக்கக் கூடாது. உலகக் கோப்பை அரையிறுதி ஆடிய ஒரு அணி, 2003 ஏப்ரலில் ஷார்ஜாவில் நடந்த தொடருக்குப் பிறகு 2006 பிப்ரவரி வரை ஆடிய ஒருநாள் போட்டிகள் இரண்டே இரண்டு. இரண்டும் 2004 சாம்பியன்ஸ் கோப்பையில். பெரிய நாடுகள் அழைக்கவும் இல்லை, வரவும் இல்லை. ஆட வேண்டிய வயதில் ஆட்டமில்லாமல் ஒரு தலைமுறை உட்கார்ந்திருந்தது. வெற்றியை ஊதியமாகவும் மைதானமாகவும் பள்ளிக் கிரிக்கெட்டாகவும் மாற்றியிருக்க வேண்டிய ஆண்டுகள் அவை.

2005-ல் பழைய சங்கம் போய் ‘கிரிக்கெட் கென்யா’ என்ற புதிய அமைப்பு வந்தது. சிறிது காலம் நிமிர்வும் தெரிந்தது. 2007 பிப்ரவரியில் நைரோபியில் நடந்த உலக கிரிக்கெட் லீக் முதல் பிரிவை ஸ்காட்லாந்தை வென்று கென்யா கைப்பற்றியது. வேகப்பந்து வீச்சாளரும் அதிரடி மட்டையாளருமான தாமஸ் ஒடோயோ, டெஸ்ட் ஆடாத நாடுகளிலிருந்து ஒருநாள் போட்டிகளில் 100 விக்கெட் எடுத்த முதல் பந்துவீச்சாளரானார். ஆனால் அதே 2007 செப்டம்பரில், முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையில், இலங்கை 260 ரன் குவித்து 172 ரன் வித்தியாசத்தில் கென்யாவை நசுக்கியது. அயர்லாந்து கவுண்டி ஆட்டங்களின் துணையோடு முன்னேறிக்கொண்டிருந்தது. ஆப்கானிஸ்தான் அகதி முகாம்களிலிருந்து எழுந்து வந்தது. கென்யா நின்ற இடத்திலேயே நின்றது.

2011 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தைக் கென்யா சென்னை சேப்பாக்கத்தில் ஆடியது. நியூசிலாந்திடம் 69 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. அந்த இலக்கை எதிரணி எட்டு ஓவரில் விக்கெட் இழப்பின்றிக் கடந்தது. கொழும்பில் மலிங்காவின் ஹாட்ரிக் பந்துவீச்சில் சிதறியது. பெங்களூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் காலின்ஸ் ஒபூயா ஆட்டமிழக்காமல் எடுத்த 98 ரன் ஒன்றே ஆறுதல். ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. ஒருநாள் போட்டிகளில் மூவாயிரத்துக்கு மேல் ரன் எடுத்து, பதினைந்து ஆண்டுகள் அணியைத் தோளில் சுமந்த ஸ்டீவ் டிக்கோலோ அத்தோடு ஓய்வை அறிவித்தார். டெஸ்ட் ஆடாத நாட்டில் பிறந்த மிகச் சிறந்த மட்டையாளர்களின் பட்டியலை யார் எழுதினாலும் அவர் பெயரை மேலே எழுத வேண்டியிருக்கும்.

2014 தொடக்கத்தில் நியூசிலாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் கென்யா ஐந்தாம் இடம் பிடித்தது. உலகக் கோப்பை வாய்ப்போடு ஒருநாள் அந்தஸ்தும் போனது. 154 ஒருநாள் போட்டிகள், 42 வெற்றிகள் என அந்தக் கணக்கு அங்கேயே நிற்கிறது. 2018 பிப்ரவரியில் நமீபியாவில் நடந்த இரண்டாம் பிரிவு லீக்கில் கென்யா கடைசி இடத்துக்குச் சென்று மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அணித்தலைவர் ரக்கேப் பட்டேல், பயிற்சியாளர் தாமஸ் ஒடோயோ, சங்கத் தலைவர் ஜாக்கி ஜன்மொகமது மூவரும் பதவி விலகினார்கள். முன்பு கென்யாவின் நிழலில் ஆடிய உகாண்டா, 2024 இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு நமீபியாவோடு சேர்ந்து தகுதி பெற்றது, கென்யாவால் முடியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் நைரோபி ரூவாராக்கா மைதானத்தில் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தின் மிகப் பெரிய எண்ணிக்கையான 344 ரன் பதிவானது. எடுத்தது ஜிம்பாப்வே, எதிரே காம்பியா.

கென்யாவில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகளே லாராவையும் சங்கக்காரவையும் வீழ்த்தும் அளவுக்கு வளர்ந்த மண் அது. அந்தத் திறமையை நைரோபிக்கு வெளியே, பள்ளிகளுக்குள், அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகும் அமைப்பை 2003-க்கு முன்பும் யாரும் கட்டவில்லை, பின்பும் கட்டவில்லை. ஆட்டக்காரர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். நிர்வாகிகளும் சர்வதேச கவுன்சிலும் செய்யவில்லை. 2027-ல் ஒருநாள் உலகக் கோப்பை இரண்டாம் முறையாக ஆப்பிரிக்காவுக்கு வருகிறது. இம்முறை அதை நடத்தும் நாடுகள் தென் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா.